அட்சதை நின்ற இருபத்திரண்டு விநாடிகள்

அந்தப் பக்கம் உட்காராதீர்கள், ஐயா. பலகைக்கு ஒரு கால் குட்டை. எழுந்திருக்கும்போது ஆளைத் தள்ளிவிடும். இப்படி என் பக்கமாக நகர்ந்துகொள்ளுங்கள். வண்டிப் புத்தகம் தொலைந்துவிட்டதென்று புகார் எழுதித் தர வந்தீர்களா? அப்படியானால் ரைட்டர் வர வேண்டும். அவர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். திரும்பிவரப் பதினொன்றரை ஆகிவிடும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்தக் காவல் நிலையத்தில் எந்த மின்விசிறி எத்தனை சுற்றுக்கு ஒருமுறை முனகும் என்பதுவரை எனக்குத் தெரியும். இருபத்தாறு நாள்களாகக் காலை பத்தரை மணிக்கு இங்கே வந்து கையெழுத்துப் போடுகிறேன். நிபந்தனை ஜாமீன். மறு உத்தரவு வரும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

தள்ளி உட்கார வேண்டாம், ஐயா. நான் திருடனும் அல்லன், அடிதடிக்காரனும் அல்லன். திரைப்பட இயக்குநர். இன்னும் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, ஏட்டையாவும் சிரிப்பார். நான்கு ஆண்டுகளாக ஒரு கதைக்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகன் ஒரு வழக்கறிஞன். அவன் வாயைத் திறந்தால் திருத்தமான தமிழ்தான் வரும். எழுதி எழுதி, சொல்லிப் பார்த்துச் சொல்லிப் பார்த்து, என் நாக்கும் அப்படியே பழகிவிட்டது. டீக்கடையில் 'சர்க்கரையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டால், கடைக்காரர் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுத் தருகிறார்.

பெயர் செண்பகராஜ். பேருந்து நிலையத்துக்கு எதிரே என் அத்தான், அதாவது அக்காள் கணவர், ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அதில் எட்டு ஆண்டுகளாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். "இந்த வைகாசி முடியட்டும் மாப்ள, ஆனியில கிளம்பிரு" என்பார் அத்தான். ஆனி பிறந்தால் ஆவணி முகூர்த்தங்களுக்கெல்லாம் என் பெயரில் முன்பதிவு முடிந்திருக்கும். ஆவணி போனால் ஐப்பசி. ஆடியும் புரட்டாசியும் எடுத்ததை வெட்டி ஒட்டுவதிலேயே கழிந்துவிடும். எஞ்சி நிற்பது மார்கழி ஒன்றுதான். அந்த மாதத்தில் பெட்டியைக் கட்டினால், பிறக்கப்போவது தை மாதமாயிற்றே, நீ இல்லாமல் அவர் ஒற்றை ஆளாக என்ன செய்வார் என்று அக்காள் கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிடுவாள். கட்டிய பெட்டியை அவிழ்த்துவிடுவேன். எட்டு மார்கழி, ஐயா. எட்டு முறை அவிழ்த்திருக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என்னை இங்கே கட்டிப்போட்டது என் திறமைதான். மற்றவர்கள் கல்யாணத்தைப் படம் பிடிப்பார்கள். நான் கல்யாணத்தைப் படமாக எடுப்பேன். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினால் முதலில் செருப்பு, பிறகு கைக்கடிகாரம், அப்புறந்தான் முகம். அதுவும் காற்றில் மெல்ல மிதந்து வருவதைப்போல. மாமனாருக்குத் தனியாக ஓர் அறிமுகக் காட்சி. சமையற்காரருக்குக்கூட ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் என்னைக் கூப்பிடாமல் வசதியான வீட்டுக் கல்யாணம் நடப்பதில்லை. நன்றாக எடுக்க எடுக்க, அடுத்த பருவத்துக்கும் என்னை எழுதிவைத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு கல்யாணத்தைக் கெடுத்து எடுத்திருந்தால் எப்போதோ சென்னைக்குப் போயிருப்பேன். அதற்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்குப் போவதை மட்டும் யாரும் தடுத்ததில்லை. பெரிய படம் வெளியாகும் நாளில் முதல் வரிசையில் இடம் வாங்குவேன். ஆனால், திரையைப் பார்க்க மாட்டேன். முதுகைத் திரைக்குக் காட்டி, இருக்கையில் முழங்காலிட்டுத் திரும்பி உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்ப்பேன். கதாநாயகன் வரப்போகும் கணத்தில் நானூறு பேரும் ஒரே சமயத்தில் மூச்சை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? திரையின் வெளிச்சம் அத்தனை முகங்களிலும் விழும், வாய்கள் திறந்திருக்கும், ஒருவனுக்கும் இமை அசையாது. அது ஒரு தரிசனம், ஐயா. எத்தனையாவது நிமிடத்தில் எத்தனை விசில் என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பேன். திரையைப் பார்க்க மறுநாள் இன்னொரு முறை போவேன்.

முகங்களைப் படிப்பதுதான் என் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நான் தவறியதே இல்லை.

சென்ற பங்குனியில், சென்னையில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தாரிடம், பெயர் வேண்டாம், தொலைபேசியிலேயே ஒரு மணி நேரம் கதை சொன்னேன். கதை பிடித்திருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு மாதிரிப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார்கள். எந்தக் காட்சி தெரியுமா? கதாநாயகனின் அறிமுகம். கல்யாண மண்டபம். வலுக்கட்டாயமாக நடக்கும் திருமணம். தாலி கட்டப் போகும் நேரத்தில் வாசலில் ஒரு குரல்: நிறுத்துங்க. மண்டபமே திரும்பும். இந்தக் காட்சி பழையதல்லவா என்று கேட்காதீர்கள். பழையதுதான். ஆயிரம் முறை பார்த்த பிறகும் கூட்டம் மூச்சை நிறுத்துகிறதா, இல்லையா?

மண்டபம் கிடைக்கும்; மாலை கிடைக்கும். முந்நூறு முகங்களுக்கு நான் எங்கே போவேன்? சொந்தக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து அதிர்ச்சி அடையுங்கள் என்றால் பல்லைக் காட்டுவார்கள். அப்போதுதான் தோன்றியது. வாரத்துக்கு இரண்டு மண்டபங்களில், உண்மையான முந்நூறு பேர் முன்னால், கையில் கேமராவோடு நான் நின்றுகொண்டுதானே இருக்கிறேன்?

ஆமாம், ஐயா. நீங்கள் நினைப்பதுதான்.

பொறுங்கள், முழுவதையும் கேளுங்கள். ஐந்து விநாடிதான் என் கணக்கு. ஒருவர் கத்த வேண்டும். முந்நூறு முகங்களும் உறைய வேண்டும். நான் மேடையிலிருந்து அவற்றைப் பிடிக்க வேண்டும். உடனே, பெண் மாப்பிள்ளைக்கு ஸ்டுடியோ சார்பில் ஓர் இன்ப அதிர்ச்சி என்று அறிவித்துவிட வேண்டும். எல்லோரும் சிரித்துவிடுவார்கள், முகூர்த்தமும் தவறாது. கெட்டிமேளம் தொடங்கிவிட்டால் ஒன்றும் கேட்காது. நல்ல வேளையில் வேண்டாத சத்தம் காதில் விழக்கூடாதென்றுதானே அதை அடிக்கிறார்கள்? ஆகவே அதற்குச் சற்று முன்னால். தாலித் தட்டு கூட்டத்தைச் சுற்றி ஆசி வாங்கித் திரும்ப மேடைக்கு வரும் பாருங்கள், அந்த இடைவெளி. எல்லார் கையிலும் அட்சதை இருக்கும். எறியத் தயாராகக் கை உயர்ந்திருக்கும். காட்சிக்கு அதைவிட என்ன வேண்டும்?

கத்துவதற்கு இசக்கி அண்ணாச்சியைக் கேட்டேன். எங்கள் ஸ்டுடியோவில் விளக்குப் பிடிப்பவர், ஐம்பது வயது. முழுவதையும் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "ஏ தம்பி, தாலி கட்டப்போற எடத்துல நின்னு கத்துனா லைட்டையும் ஒடைப்பானுவ, என் மண்டையையும் ஒடைப்பானுவ. லைட்டு ஒங்க அத்தானுது. மண்டை என்னுதுல்லா" என்றார். கலையுணர்வு கிடையாது. சரி, நானே கத்திக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

இனி எந்தக் கல்யாணம் என்பதுதான். தானாக அமைந்தது. ஹார்டுவேர் கடைச் சிதம்பரநாதன் மகள் அனுசுயா. மாப்பிள்ளை கோமதிநாயகம், மூன்று லாரிகளுக்குச் சொந்தக்காரர்; நல்ல மனிதர். காரிலிருந்து ஏழு முறை இறங்கச் சொன்னேன், ஏழு முறையும் முகம் சுளிக்காமல் இறங்கினார். பெண்ணிடந்தான் வேலை வாங்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு இருவரையும் காற்றாலைப் பக்கம் கூட்டிப்போனேன். பின்னால் இறக்கைகள் சுற்றுகின்றன, துப்பட்டா பறக்கிறது, அருமையான வெளிச்சம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை தண்ணீர் வாங்கப் போயிருந்தபோது, "எனக்குச் சிரிப்பு வரலண்ணே" என்றாள். ஏதாவது மகிழ்ச்சியானதை நினைத்துக்கொள்ளம்மா என்றேன். கண்ணை மூடினாள், ஒரு கணம் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. எடுத்துவிட்டேன். என்ன நினைத்தாய் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாளாம், யாருமே வீட்டுக்கு வராத ஞாயிற்றுக்கிழமையை. விளையாட்டுப் பெண்.

மற்றபடி நன்றாகத்தான் பேசினாள். சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஆய்வுக்கூட வேலைக்குத் தேர்வாகியிருந்தாளாம். அப்பா வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். வர முடியாதென்று எழுதிப்போட்ட பிறகு, வருகிறேன் என்று மறுபடியும் எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா என்று என்னைக் கேட்டாள். நான் சென்னைக்கு எப்போது போவேன், எந்தப் பேருந்தில் போவேன் என்றெல்லாம் விசாரித்தாள். என் படத்தில் அவளுக்கு அவ்வளவு அக்கறை. கதை முழுவதையும் சொன்னேன். கல்யாணம் நிற்கும் காட்சியைச் சொன்னபோது மட்டும் குறுக்கிட்டு, அந்தப் பெண் பிறகு எங்கே போவாள் என்று கேட்டாள். கதாநாயகனோடுதான், வேறெங்கே என்றேன். "அவளுக்குத் தனியா எங்கயும் போகத் தெரியாதாண்ணே?" என்றாள். கதை கேட்கத் தெரியாத பெண்.

வைகாசி பதினெட்டு. காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் முகூர்த்தம். தட்டு சுற்றிவந்து ஐயரின் கைக்குப் போனது. கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன். முந்நூறு கைகள், மஞ்சள் அரிசியோடு. கத்தினேன்.

"நிறுத்துங்க."

என்ன காட்சி, ஐயா! தவில்காரர் கோலை ஓங்கியபடியே நின்றார். கைக்குழந்தைகூட அழவில்லை. முந்நூறு வாய்கள், முந்நூறு பிடி அட்சதை. முதல் வரிசையில் ஒரு கிழவர் மட்டும் காது கேளாமல் அரிசியை எறிந்துவிட்டு, யாரும் எறியவில்லையே என்று இருபுறமும் பார்த்தார். இப்படி ஒன்றை எந்த இயக்குநராலும் சொல்லிக்கொடுத்து வாங்க முடியாது. ஐந்து விநாடி முடிந்தது. இன்ப அதிர்ச்சி என்று அறிவிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டத்தின் பார்வை என்னைவிட்டு நகர்ந்து எனக்குப் பின்னால் போயிற்று. கேமராவோடு திரும்பினேன்.

அனுசுயா மணையிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மாலையைக் கழற்றினாள். மடித்தாள், ஐயா, துணியை மடிப்பதைப்போல, மணைமேல் வைத்தாள். "சரி, நிறுத்திரலாம்" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. கடையில் சாமான் போதும் என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

இருபத்திரண்டு விநாடி. ஒரே ஓட்டம், வெட்டே இல்லை. என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே உண்மையான காட்சி அதுதான்.

அதன் பிறகு நடந்ததை உங்களால் ஊகிக்க முடியும். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தியவன் யார்? பெண்ணின் காதலன். அத்தனை பேரும் நூறு படம் பார்த்தவர்கள்; வேறு எப்படி நினைப்பார்கள்? மாப்பிள்ளையின் பெரியப்பாதான் முதலில் அடித்தார். பிறகு யார் யார் என்று எனக்கு நினைவில்லை. பெண் வீட்டாரும் அடித்தார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் அடித்தார்கள். அந்த ஒன்றில்தான் இரண்டு வீட்டாருக்கும் ஒற்றுமை. எல்லோரும் என்மீது மும்முரமாக இருந்த அந்தக் கால்மணி நேரத்தில், அவள் மணமகள் அறைக்குப் போய், சாதாரணச் சுடிதார் ஒன்றை மாற்றிக்கொண்டு, சான்றிதழ்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பந்திக்கூடத்தின் வழியாக வெளியே போய்விட்டாள். கல்யாண மண்டபத்துக்குச் சான்றிதழ்ப் பையை எதற்குக் கொண்டுவந்தாள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சென்னை போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த மருத்துவமனையிலேயே வேலை. ஒரு மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறாள். விருப்பப்பட்டுத்தான் வந்தேன், யாரும் கடத்தவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் போக வேண்டிய ஊருக்கு அவள் போய்விட்டாள். நான் இங்கே இந்த ஆடும் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். சுபகாரியத்தில் கலகம், மிரட்டல் என்று இரண்டு மூன்று பிரிவுகள். கேமராவும் காட்சி பதிவான அதன் நினைவு அட்டையும் சாட்சிப் பொருள்கள். அதோ தெரிகிறதே, பச்சைக் கதவு, பூட்டுப் போட்டது, அந்த அறைக்குள் இருக்கின்றன. என் இருபத்திரண்டு விநாடிகள், ஐயா, இங்கிருந்து ஆறு அடி. ஆய்வாளர் மட்டும் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தான்லே எடுத்திருக்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பூட்டிவிட்டார்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதைச் சொன்னால் நீங்களும் மற்றவர்களைப்போல் என்னைக் குறை சொல்வீர்கள், ஆனாலும் சொல்கிறேன். கோமதிநாயகத்துக்கு ஆவணியில் வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. புகார் கொடுத்தவர் அவர்தான்; வழக்கை இழுக்க அவருக்கு விருப்பமில்லை. ஒரு கடிதம் போதும் என்கிறார். 'பெண்ணுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, காட்சி எடுக்கும் ஆசையில் புத்தியில்லாமல் கத்திவிட்டேன், மன்னிக்க வேண்டும்.' இதில் நான் கையெழுத்திட்டால், சமரசமாகப் போய்விட்டதென்று நீதிமன்றத்தில் சொல்லி வழக்கை முடித்துக்கொள்வார். கேமராவும் அட்டையும் திரும்பி வரும். நான் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

போடவேண்டியதுதானே என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

பத்து நாளைக்கு முன் சென்னையிலிருந்து அந்த நிறுவனத்தார் அழைத்தார்கள். செய்தித்தாளில் படித்திருக்கிறார்கள்: காதலிக்காகக் கல்யாணத்தை நிறுத்திய கேமராக்காரர். மாதிரிப் படமெல்லாம் வேண்டாம், வழக்கறிஞன் கதையும் வேண்டாம், இதையே எடுப்போம் என்கிறார்கள். 'உண்மைச் சம்பவம்' என்று படத்தின் தொடக்க எழுத்திலேயே போடலாமாம். இயக்கம் நீயே என்கிறார்கள். நீங்கள் அந்தப் பெண்ணை உண்மையாகவே காதலித்தீர்கள்தானே என்று கேட்டார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. 'அதை எப்படி சார் வாயால் சொல்வது' என்றுதான் சொன்னேன். அவர்களாகப் புரிந்துகொண்டார்கள். வழக்குக் காகிதங்களின் நகல்களைக் கேட்டிருக்கிறார்கள். அதில் 'எந்தத் தொடர்பும் இல்லை' என்று என் கையெழுத்தோடு ஒரு கடிதம் இருந்தால்? கதை அங்கேயே செத்துவிடாதா?

கையெழுத்திட்டால் சென்னைக்குப் போகலாம். ஆனால் போய் எடுக்கப் படமில்லை. போடாவிட்டால் படம் உண்டு. ஆனால் போக முடியாது. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள், ஐயா.

இதற்கு நடுவில் அந்தப் பெண் வேறு. முந்தாநாள் தொலைபேசியில் அழைத்தாள். சிதம்பரநாதனுக்கு இப்போது ஒரே எண்ணம்: ஊரெல்லாம் தெரிந்துவிட்டது, அந்தப் பையனுக்கே கட்டிவைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்வோம் என்று. ஒவ்வொரு ஞாயிறும் சித்தப்பா, பெரியம்மா, மாமா என்று ஒரு வேன் நிறைய ஆள்கள் விடுதி வாசலில் போய் நின்று, அவனையே கட்டிக்கொள் என்று அழுகிறார்களாம். இந்தக் காதல் விவகாரமெல்லாம் இங்கே வேண்டாம், மாதக் கடைசிக்குள் அறையைக் காலிசெய் என்று விடுதிக் காப்பாளர் சொல்லிவிட்டாராம். நான் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டால் அப்பாவுக்கு அப்படிக் கேட்கவே இடமில்லாமல் போகும், அவர்கள் வர மாட்டார்கள் என்கிறாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால், யோசித்துப் பாருங்கள், ஒரு விடுதி போனால் இன்னொரு விடுதி. ஒரு படம் போனால்?

அதோ, வந்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை சிதம்பரநாதன்; பக்கத்தில் அவர் தங்கை. ஆய்வாளர் இன்று பெண்ணையும் அவள் வீட்டாரையும் வரச்சொல்லியிருக்கிறார். நீலச் சுடிதாரில் தனியாகப் பின்னால் வருகிறாளே, அவள்தான். காலையில்தான் பேருந்தில் வந்திறங்கியிருப்பாள். நடையைப் பாருங்கள். பின்னால் ஒரு விளக்கு மட்டும் இருந்தால் போதும்.

என்னையும் கூப்பிடுகிறார்கள். என் குறிப்பேட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிடுகிறேன்.

*

ரைட்டர் இன்னும் வரவில்லையா? நல்லதாகப் போயிற்று. குறிப்பேட்டைக் கொடுங்கள், மறப்பதற்குள் ஒன்றை எழுதிக்கொள்கிறேன். ம்.

உள்ளே நடந்ததைக் கேளுங்கள். ஆய்வாளர் கடிதத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். உரக்கப் படித்தார். பேனாவை என் பக்கம் தள்ளினார். "உனக்கும் இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது உண்டா, இல்லியா? ஒரே வார்த்தை" என்றார்.

நான் பேசவில்லை. பேசக்கூடாத இடம் அது. பெரிய கதாநாயகன் எவனும் அப்படிப்பட்ட இடத்தில் பேச மாட்டான். தலையை மெல்லத் தாழ்த்துவான், அவ்வளவுதான். நானும் தாழ்த்தினேன். சிதம்பரநாதன் அதைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது போதும் மாப்ள, இது போதும்" என்றார். ஆவணியிலேயே வைத்துக்கொள்ளலாம், கடையையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கேமரா கீமராவெல்லாம் இனி எதற்கு என்று அவர்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். பக்கத்தில் அவர் தங்கை வேறு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எனக்குத் திருஷ்டி கழித்தாள். எனக்குச் சற்று மூச்சு முட்டியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறுக்கம் குறையாமல் நின்றேன்.

அப்போதுதான் அவள் பேசினாள். அப்பாவைப் பார்த்தல்ல, ஆய்வாளரைப் பார்த்தல்ல; நேராக என்னைப் பார்த்து.

"அண்ணே, பூட்டிக் கெடந்த எனக்கு ஒங்க சத்தம் ஒரு கதவு. தொறந்துச்சு, வெளிய வந்தேன். அவ்ளோதான். கதவைப் போயி யாராவது கட்டிக்கிடுவாங்களா?"

ஆய்வாளர் சிரித்துவிட்டார். சிதம்பரநாதன் என் கையை விட்டுவிட்டார். அவள் பேனாவை எடுத்து என் விரல்களுக்கு இடையில் வைத்தாள். "போடுங்கண்ணே. நான் பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் போகணும். நாளைக்கு எனக்குக் காலை டியூட்டி" என்றாள்.

போடலாமென்று ஒரு கணம் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காகிதத்தைப் பார்த்தேன்: 'புத்தியில்லாமல் கத்திவிட்டேன்.' எட்டு ஆண்டு உழைப்புக்கு இதுவா பெயர்? யோசிக்க ஒரு வாரம் வேண்டும் என்று ஆய்வாளரிடம் சொன்னேன். சென்ற வாரமும் அதைத்தான் சொன்னேன். "அப்ப தெனமும் வந்து போட்டுக்கிட்டு இரு" என்று பதிவேட்டைத் தூக்கிப் போட்டார். அதில் போட்டேன்.

அவள் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, இவருக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, இதுவரை இருந்ததில்லை, இனியும் இராது என்று தானே எழுதி, தானே கையெழுத்திட்டு, நிலையத்தின் முத்திரையும் வாங்கிக்கொண்டாள். விடுதியில் காட்டுவாளாம். ஏட்டையா சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

கதவு. என்ன வசனம் பாருங்கள், ஐயா! நான்கு ஆண்டுகளாக எழுதுகிறேன், எனக்கு இப்படி ஒன்று வந்ததில்லை. ஆனால், இருந்தபடியே வைக்க முடியாது. கதாநாயகியின் வாயிலிருந்து இது வந்தால் கூட்டம் ஒப்புக்கொள்ளாது. ஆகவே சற்றுத் திருத்தியிருக்கிறேன். படிக்கிறேன், கேளுங்கள்: 'பூட்டிக் கிடந்த எனக்கு நீங்கள்தான் கதவு. இனி இந்தக் கதவை விட்டு நான் எங்கும் போக மாட்டேன்.' எப்படி? விசில் பறக்குமா, பறக்காதா?

ஏன் எழுந்துவிட்டீர்கள்? ரைட்டர் வரும் நேரந்தான், உட்காருங்கள்.

அதோ சாலைக்கு அந்தப் பக்கம், பேருந்து வந்து நின்றுவிட்டது. ஏறிவிட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் ஏதோ கேட்கிறாள். எடுத்துவிட்டான். நிலைய வாசலை ஒட்டித்தான் போகிறான் பாருங்கள், கையெட்டும் தூரம்.

திரும்பிப் பார்க்கவில்லை.

படத்தில் பார்ப்பாள்.